பை காலி இல்ல சார்

இல்ல சார், வெறும் தண்ணி இல்ல. நல்லாப் பாருங்க. பையை இப்படி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிக்கிறேன், அந்த வெளிச்சத்துல பாருங்க. பச்சையா ஒரு உருண்டை தெரியுதா, அது பாசி. பாசிக்குள்ள செவப்பா... தெரியலையா? கண்ணாடியை மூக்கு நுனியில இருந்து கொஞ்சம் மேல ஏத்துங்க. ஆங். இப்ப? தெரியுதுல்ல. அதேதான். இறால்.

சமைக்கிறதுக்கு இல்ல சார். இதைச் சமைச்சா கரண்டி கூட நனையாது. நகத்தளவுதான் வளரும், அதுக்கு மேல அதுக்கும் ஆசை இல்ல, நமக்கும் ஆசை இல்ல. நல்ல தண்ணி இறால். கடலைக் கண்ணால கூடப் பாத்திருக்காது. கண்ணாடித் தொட்டியில மணல் போட்டு, செடி நட்டு, அதுக்குள்ள விட்டு வளர்க்கிறது. வளர்க்கிறதுன்னா என்ன, அதுபாட்டுக்கு நாள் முழுக்க மேயும். நாம பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவ்வளவுதான் வேலை.

நானா? நான் வளர்க்கலை. அதாவது, இப்ப கொஞ்ச நாளா நான்தான் வளர்க்கிறேன். எப்படிச் சொல்றது. என் வீட்டுக்காரியோடது சார். அவ இப்ப தனியா இருக்கா. அவகிட்டதான் கொண்டு போறேன். இந்தப் பையில இருக்குற அத்தனை பேரும் இன்னைக்கு உசுரோட போய்ச் சேரணும். ஒருத்தர் மல்லாந்தாலும் போச்சு. அவ வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. ஒரு பார்வை பாப்பா. அதுக்குப் பேசாம திட்டிடலாம்.

ஒண்ணு கேக்கலாமா, தப்பா எடுத்துக்காதீங்க. என்ன வாசம் அது? உங்க காலுக்கடியில இருக்குற அந்த மஞ்சக் கேன்ல என்ன?

பூச்சி மருந்தா?

சரியாப் போச்சு. இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உங்களைச் சொல்லலை, என் ராசியைச் சொன்னேன். இத்தனை பஸ் விட்டு, இத்தனை சீட் வச்சு, இறாலைக் கொண்டுபோறவன் பக்கத்துல பூச்சி மருந்து அடிக்கிறவரைக் கொண்டுவந்து உக்கார வைக்குது பாருங்க. நான் பையை இந்தப் பக்கம் மாத்திக்கிறேன். மூடி இறுக்கமாத்தானே இருக்கு? ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்களேன், எனக்காக. சந்தோஷம். ஆனா இனிமே அந்தக் கையைப் பை பக்கம் கொண்டு வராதீங்க. கோச்சுக்காதீங்க சார், கோச்சுக்கிற முகமா இல்ல உங்களுது, அந்தத் தைரியத்துலதான் சொல்றேன்.

கரப்பான் பூச்சியும் இதுவும் ஒரே வம்சம்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. ஏதோ ஒரு தலைமுறையில சொத்தைப் பிரிச்சுக்கிட்டு அது சமையலறைக்கு வந்துடுச்சு, இது தண்ணிக்குள்ளயே தங்கிடுச்சு. அதனால அதைக் கொல்ற மருந்து ஒரு துளி காத்துல வந்தாலும் இதுக்கு ஆகாது. உங்க தொழிலைக் குறை சொல்லலை. நீங்க இல்லேன்னா நாடு என்னத்துக்கு ஆகுறது. ஆனா எங்க வீட்டுல, இந்தத் தொட்டி வந்த நாள்ல இருந்து கொசுவத்தி கிடையாது, கரப்பானுக்கு ஸ்ப்ரே கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஊர்க் கொசு அத்தனையும் எங்க வீட்டுக்குக் குடி வந்துடுச்சு. நான் சொரிஞ்சுக்கிட்டே கேப்பேன், ஏம்மா, இந்த வீட்டுல இறாலுக்கு இருக்குற மரியாதை எனக்கு உண்டான்னு. அது கடிச்சா நீங்க சாக மாட்டீங்க, இது செத்துடும்னு சொல்லிட்டு அவபாட்டுக்குப் போயிடுவா.

அவ ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பாக்குறா சார். நாள் முழுக்க அடுத்தவங்க ரத்தத்தைக் குழாய்ல ஊத்திப் பாக்குறது. சாயந்திரம் வீட்டுக்கு வந்து இந்தத் தண்ணியைக் குழாய்ல ஊத்திப் பாக்குறது. கலர் மாறுதா மாறலையான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பா. நான் கேப்பேன், என்ன, தண்ணிக்குச் சர்க்கரை இருக்கான்னு. சிரிக்க மாட்டா. அவ சிரிக்கிறது கஷ்டம். ஆனா சிரிச்சா நிறுத்த முடியாது, இருமல் வர்ற வரைக்கும் சிரிப்பா.

எனக்குக் கண்ணாடிக் கடை. மூக்குக்கண்ணாடி. சோதிச்சுப் பாத்துக் கண்ணாடி போட்டுக் குடுக்குறது. அதனாலதான் உங்களைப் பாத்ததும் ஏத்திப் போடச் சொன்னேன், பழக்கம். நாள் முழுக்க ஒரே கேள்விதான் சார் என் பொழப்பு. இதுல தெளிவாத் தெரியுதா, இதுல தெளிவாத் தெரியுதா. வில்லை மாத்தி மாத்திப் போட்டுக் கேக்கணும். முன்னாடி இருந்ததா, இப்ப இருக்குறதா. கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போய் வீட்டுக்கு வந்தா, எனக்குப் பேச்சே வராது. உங்களுக்கு அப்படியா? ஓ, மருந்து அடிக்கும்போது வாயை மூடிக்கிட்டு இருக்கணும், அதனால வீட்டுல போய்ப் பேசுவீங்க. நல்லதுதான். உங்க வீட்டுல அவங்களும் பேசுவாங்களா? ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா? குடுத்து வச்சவர் சார் நீங்க.

தொட்டி எப்படி வந்துச்சுன்னா, ஒருநாள் அவளே தூக்கிக்கிட்டு வந்தா. மணல் போட்டா, செடி நட்டா, தண்ணி ஊத்தினா, லைட் போட்டா. சரி, மீன் வரும்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு வாரம் ஆச்சு, மீனைக் காணோம். ரெண்டு வாரம் ஆச்சு. தினமும் வெறும் தண்ணிக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கா. எனக்குப் பயமாப் போச்சு. என்னம்மா, இதுல ஏதாவது இருக்கா, என் கண்ணுக்குத்தான் தெரியலையான்னு கேட்டேன். தண்ணி பழகணும், அதுவரைக்கும் ஒண்ணும் விடக் கூடாதுன்னா. தண்ணி எதுக்குங்க பழகணும்? தண்ணி என்ன புது மருமகளா? ஆனா அப்படித்தானாம். புதுத் தண்ணியில விட்டா எதுவும் தங்காதாம். செடி வேர் பிடிக்கணும், கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதுல உண்டாகணும், அப்புறம்தான் உசுரு. கடைசியில தீப்பொறி மாதிரி சின்னச் சின்னதா நாலு மீன் வந்துச்சு. அப்புறம் இவங்க வந்தாங்க.

அய்யோ, என்ன இப்படிப் பிரேக் போடுறான். பை நல்லா இருக்கு, நல்லா இருக்கு. பாசியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க எல்லாரும். அதுக்குத்தான் பாசியை உள்ள போட்டிருக்கு. நமக்குத் தலைக்கு மேல இருக்குற பஸ் கம்பி மாதிரி.

எங்க விட்டேன்? ஆங். அவ தங்கச்சி வீட்டுக்குப் போனா. அவ தனியா இருக்கான்னு சொன்னேன்ல, அதுக்கு முன்னாடி தங்கச்சி வீடு. சண்டையா? சண்டையெல்லாம் கிடையாது சார். சண்டை போட ரெண்டு பேரும் பேசணும்ல. ஒருநாள் பெட்டியை எடுத்தா, கொஞ்ச நாள் அங்க இருக்கேன்னா. நான் சரின்னேன். சரின்னு சொல்லியிருக்கக் கூடாதோன்னு பின்னாடி யோசிச்சேன். அப்ப வேற வார்த்தை வரலை. இப்பவும் அந்த இடத்துக்கு என்ன வார்த்தை போடணும்னு எனக்குத் தெரியலை. அதை விடுங்க. தொட்டியைத் தூக்கிட்டுப் போக முடியாது, கல்லு மாதிரி கனம். அதனால வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னா, தொட்டியைப் பாத்துக்கோங்க. என்ன செய்யணும்னு கேட்டேன். ஒண்ணும் செய்யாதீங்க, அதுதான் உங்களுக்கு நல்லா வருமேன்னா.

சிரிங்க, சிரிங்க. எனக்கே அன்னைக்கு ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்ணுவா. இறால் எப்படி இருக்கு? நல்லா இருக்கு. மீன்? நல்லா இருக்கு. செடி? நல்லா இருக்கு. சரி, வச்சிடுறேன். இவ்வளவுதான் போன். நீங்க எப்படி இருக்கீங்கன்னு அவ கேக்க மாட்டா, நானும் கேக்க மாட்டேன். ஆனா அந்தப் போன் வர்ற வரைக்கும் நான் ஞாயித்துக்கிழமை வெளிய போக மாட்டேன் சார். பால் வாங்கக் கூடப் போக மாட்டேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில பாக்குறேன், மணல்ல ஒண்ணு சாஞ்சு கிடக்கு. அசைவே இல்ல. மீசை இருக்கு, கால் இருக்கு, வால் இருக்கு, எல்லாம் வச்சது வச்ச மாதிரி இருக்கு, உசுரு மட்டும் இல்ல. அவ போய் ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள ஒண்ணைக் கொன்னுட்டேன். ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொன்னா, ஒண்ணும் செய்யாம கூட ஒழுங்கா இருக்கத் தெரியலையேன்னு இருந்துச்சு. மெதுவா அதை எடுத்து, மாடியில இருக்குற ரோஜாத் தொட்டியில குழி தோண்டிப் புதைச்சேன். ஆமா சார், புதைச்சேன். குப்பையில போட மனசு வரலை. ஞாயித்துக்கிழமை வருது, அவ கேப்பா. என்ன சொல்றது? நேரா கலர் மீன் கடைக்குப் போனேன். இதே மாதிரி செவப்பு இறால் ஒண்ணு குடுங்கன்னேன். கொண்டுவந்து விட்டேன். கணக்குச் சரியாப் போச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்.

பத்து நாள் கழிச்சு இன்னொண்ணு. அதுக்கும் குழி, அதுக்கும் கடை. அப்புறம் ஒரே வாரத்துல ரெண்டு. அதுல இருந்து வாரம் தவறலை. கடைக்காரர் என் தலையைப் பாத்ததும் வலையை எடுத்துடுவார். ஒரு வார்த்தை கேக்க மாட்டார். நான் வாசல் ஏறும்போதே அவர் முகம் ஒரு மாதிரி மரியாதையா ஆயிடும். நானும் சோகமா நின்னு வாங்கிக்கிட்டு வருவேன். ரோஜாச் செடியைப் பாக்கணுமே நீங்க, மொட்டு மொட்டா வைக்குது.

எத்தனை சாகுதோ அத்தனை வாங்குறோம், தொட்டியில அதே கூட்டம்தானே இருக்கணும்? ஆனா தொட்டி முன்னாடி போய் நின்னா எங்க பாத்தாலும் செவப்பா இருக்கு. இலைக்கு மேல, இலைக்கு அடியில, குழாய் மேல, கண்ணாடி மூலையில. செடிக்குள்ள இருக்குறதை எண்ணவும் முடியாது. வயசாகுது, நம்ம கண்ணுதான் சரியில்லைன்னு நினைச்சு எனக்கே நான் கண்ணு சோதிச்சுப் பாத்தேன் சார். நம்பர் மாறலை.

அப்புறம் ஒருநாள் காலையில, என் கடையில இருந்து கொண்டுவந்த லென்ஸை வச்சு சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன். காப்பி ஒரு கையில. ஒரு இறால் இலை மேல நின்னுக்கிட்டு ஒரு மாதிரி நெளியுது. சரி, இதுவும் போகப் போகுது, கண்ணு முன்னாடியே போகப் போகுதுன்னு காப்பியைக் கீழ வச்சுட்டேன். உடம்பை ரெண்டா மடக்குச்சு. முதுகுப் பக்கம் ஒரு கீறல் விழுந்துச்சு. ஒரே ஒரு துள்ளல் சார். அது இந்தப் பக்கம் வந்து விழுது, அதே மாதிரி இன்னொண்ணு அந்த இலை மேலயே நிக்குது. மீசை, கால், வால், எல்லாம் அப்படியே. ஆனா உள்ள ஆளு இல்ல.

சட்டை. பாம்பு சட்டை உரிக்கும்ல, அது மாதிரி. இதுவும் உரிக்கும். வளர வளர பழைய சட்டை பத்தாது, கழட்டிப் போட்டுட்டுப் புதுசு போட்டுக்கும். புதுசு போட்ட உடனே உடம்பு மெத்துனு இருக்குமாம், யாராவது கடிச்சுடுவாங்கன்னு ரெண்டு நாளைக்குச் செடிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும், யார் கண்ணுலயும் படாது. நான் என்ன பண்ணியிருக்கேன்? சட்டையைப் பாத்துட்டு ஆளு செத்துட்டாருன்னு அடக்கம் பண்ணி, அவர் இடத்துக்குப் புது ஆளைக் கொண்டுவந்து வச்சிருக்கேன். அவர் ரெண்டு நாள் கழிச்சு வெளிய வந்து பாத்தா, அவர் இலையில இன்னொருத்தர் உக்காந்திருக்காரு.

ஊருக்கெல்லாம் கண்ணு தெரிய வைக்கிறவன் சார் நான்.

நேரா மீன் கடைக்குப் போனேன், சண்டை போடுறதுக்கு. ஏங்க, செத்தா எப்படி இருக்கும், சட்டைன்னா எப்படி இருக்கும்னு நீங்க சொல்லியிருக்கலாம்லன்னேன். அந்த மனுஷன் சொல்றாரு, செத்தா வேக வச்ச மாதிரி வெளுத்துப் போயிடும் சார், சட்டைன்னா கண்ணாடி மாதிரி இருக்கும். கண்ணாடி மாதிரின்னு என்கிட்டயே சொல்றாரு. சரி, இதை ஏன் முன்னாடியே சொல்லலைன்னா, நீங்க வாராவாரம் சாவு வீட்டுல இருந்து வர்ற மாதிரியே வந்து நின்னீங்க, அந்த நேரத்துல போய் என்ன கேக்குறதுன்னு விட்டுட்டேன்னாரு. அதோட விட்டாரா? அந்தச் சட்டையை எடுக்கவே கூடாதாம். மத்த இறாலெல்லாம் அதைத்தான் தின்னும், அதுல இருந்துதான் அடுத்த சட்டைக்குச் சத்தாம். அப்ப நான் அத்தனை நாளா அவங்க சாப்பாட்டைக் கொண்டுபோய் ரோஜாவுக்குப் போட்டிருக்கேன்.

நீங்க சிரிக்கிறதைப் பாத்தா எனக்குக் கேனை நினைச்சாப் பயமா இருக்கு, காலால தட்டிடாதீங்க.

அன்னைக்குக் கடையில இருந்து நடந்து வரேன். இதை யார்கிட்டயாவது சொல்லணும் சார். சொல்லாம இருக்க முடியலை. எனக்கு அப்படியெல்லாம் வந்ததே இல்ல. யார்கிட்ட சொல்றது? இது புரியுற ஆளு உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான். போன் போட்டேன். புதன்கிழமை. எடுத்ததும் பதறிப்போய் யாருக்கு என்னன்னு கேக்குறா. ஞாயித்துக்கிழமை தவிர வேற நாள்ல எங்க வீட்டுல போன் பேசினா அது ஆஸ்பத்திரின்னு அர்த்தம். யாருக்கும் ஒண்ணும் இல்ல, அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன், யாருக்குமே ஒண்ணும் இல்லன்னேன். முழுசாச் சொன்னேன். குழி தோண்டினது, கடைக்காரர், எல்லாம். அப்புறம் எங்க புதைச்சீங்கன்னு மெதுவாக் கேட்டா. ரோஜாத் தொட்டியிலன்னேன். அவ்வளவுதான். ஆரம்பிச்சா பாருங்க. சிரிக்கிறா, சிரிக்கிறா, இருமல் வந்துடுச்சு, தண்ணி குடிச்சுட்டு வந்து மறுபடி சிரிக்கிறா. பின்னாடி அவ தங்கச்சி ஓடிவந்து என்னக்கா என்னக்கான்னு கேக்குறது எனக்குக் கேக்குது.

நான் போனைக் காதுல வச்சுக்கிட்டு நடு ரோட்டுல நிக்கிறேன். ஒரு ஆட்டோக்காரன் திட்டிட்டுப் போறான்.

அதுக்கப்புறம் புதன்கிழமையும் போன் வர ஆரம்பிச்சுடுச்சு. இன்னைக்கு எத்தனை பேர் செத்தாங்கன்னு கேப்பா. ரெண்டு பேர் செத்துட்டாங்க, சாயந்திரம் எந்திரிச்சு வந்து சாப்பிட்டாங்கன்னு சொல்லுவேன். இப்படி ஏதாவது. தனியா ஒரு மாடி ரூம் பாத்துக்கிட்டுப் போனா. அங்கேயும் ஒரு தொட்டி வாங்கித் தண்ணி பழக விட்டிருக்கேன்னு சொன்னா. எனக்கு அது மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. தண்ணி பழகுதுன்னா, அங்க தங்கப் போறான்னு அர்த்தம்ல. ஆனா கேக்கலை. அவளும் சொல்லலை. இறாலைப் பத்திப் பேசினோம்.

யோசிச்சுப் பாக்குறேன் சார், அவளுக்காகவா நான் வாங்கி வாங்கி விட்டேன்? இல்ல, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சுடலாம்னு விட்டேனா? செத்துப்போச்சுன்னு முதல் வாரமே சொல்லியிருந்தா, சிரிச்சுட்டு அது சட்டைங்கன்னு அன்னைக்கே சொல்லியிருப்பா. எல்லாம் அதோட முடிஞ்சிருக்கும். இல்ல, எல்லாம் அன்னைக்கே ஆரம்பிச்சிருக்குமோ என்னமோ. வில்லையை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறேன், ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் தெரியுது.

இப்ப என்ன பிரச்சனைன்னா, என் இறாலைக் கொண்டுவந்து குடுங்கன்னு கேட்டுட்டா. தொட்டி அவளுது, நியாயம்தான். ஆனா எது அவ விட்டுட்டுப் போனது, எது நான் வாங்கினது? எல்லாம் ஒரே செவப்பு. இதுக்கு நடுவுல குட்டி வேற போட்டிருக்கு, கடுகு மாதிரி ஓடுது. அதெல்லாம் யாருது? மொத்தத்தையும் பிடிச்சுடலாம்னு வலையோட உக்காந்தேன். கொஞ்சம் பிடிச்சேன். அப்புறம் வலையை வச்சுட்டேன். ஆமா, வேணும்னேதான். மிச்சம் செடிக்குள்ள ஓடிடுச்சு, வலையில மாட்டலைன்னு சொல்லப் போறேன். நம்புவாளா? நம்ப மாட்டா. ஒருத்தி வயித்துக்கடியில முட்டையோட இருக்கா சார். முட்டையோட இருக்குறவளை இடம் மாத்தினா உதறிடுவா. அதனால அவளை எடுக்கலை. இதுவாவது நிஜம். குட்டி பொரியுற நேரத்துல பாக்கணும்னா என் வீட்டுக்காரிதான் வீட்டுக்கு வரணும், நான் என்ன பண்றது.

கிட்ட வந்தாச்சுன்னு நினைக்கிறேன். நீங்க எங்க இறங்கணும்? ரெக்கார்டு ரூமா? கரையானுக்கா? எந்த ஆபீஸ் ரெக்கார்டு ரூம்?

அட. நானும் அங்கதான் சார். கோர்ட்டு ஸ்டாப்.

சாட்சிக்கெல்லாம் இல்ல. நில வழக்கும் இல்ல. குடும்பக் கோர்ட்டு, முதல் மாடி. நானும் அவளும்தான். ஆமா, இந்த இறால்காரிதான், வேற எவ இருக்கா எனக்கு. முகத்தை அப்படி வச்சுக்காதீங்க சார், இவ்வளவு நேரம் நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு வந்தீங்க. பிரியறதுக்கு ரெண்டு பேரும் சம்மதம்னு ஒரு தடவை சொல்லியாச்சு. போய் யோசிச்சுட்டு வாங்கன்னு நாள் குடுத்தாங்க. அந்த நாள் இன்னைக்கு. ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சு மறுபடி கேப்பாங்க. ஆமான்னா முடிஞ்சுது. நாங்க இத்தனை புதன்கிழமை பேசினோம், இதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசலை.

பேரைக் கூப்பிடுற வரைக்கும் வராந்தா பெஞ்சுல உக்காரணும். அங்க வச்சுத்தான் இவங்களைக் குடுக்கப் போறேன். அப்படியே தூக்கிக் குடுத்துட முடியாது சார். இது எங்க வீட்டுத் தண்ணி. அவ ரூம் தண்ணி வேற. திடீர்னு மாத்தினா தாங்காது, அன்னைக்கு நல்லா இருக்குற மாதிரி இருக்கும், அடுத்த சட்டை உரிக்கும்போது போயிடும். அதனால இவங்களை ஒரு கப்புல விட்டு, அந்தத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா இதுல விடணும். அவ ஒரு பாட்டில்ல கொண்டு வரா. ஜன்னல் திட்டுல பாட்டிலை வச்சு, ஒரு மெல்லிசு ட்யூப் போட்டு, அதுல ஒரு முடிச்சுப் போட்டா சொட்டும், இறுக்க இறுக்க மெதுவாச் சொட்டும். மணிக்கணக்கா ஆகும். ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. வராந்தாவுல எத்தனை கால் நடக்குது, கப்பைத் தரையில வச்சுட்டுப் போக முடியுமா? ஒருத்தர் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்.

அதேதான் சார். அங்கதான் வரேன். பேரைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் ஒண்ணா உள்ள போகணும். ஒருத்தர் மட்டும் போய் நின்னு ஆமான்னா அது செல்லாது.

நீங்க பிடிச்சுக்கிறீங்களா? நல்ல மனசு சார் உங்களுக்கு. ஆனா உங்க கை. இல்ல, சோப்புப் போட்டுக் கழுவினாலும் வேண்டாம். வேற யாரையும் நம்பியும் குடுக்க மாட்டா, என்னையே இப்பத்தான் நம்ப ஆரம்பிச்சிருக்கா. கோச்சுக்குவாங்களா உள்ள? கோச்சுக்கிட்டா இன்னொரு தேதி குடுப்பாங்க. குடுக்கட்டும்.

என்னைக் கெட்டிக்காரன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தா நான் ஏன் சட்டைக்குக் குழி தோண்டப் போறேன். கோர்ட்டுலயே ஆரம்பிச்சுடலாம், தண்ணியை நான் கொண்டு வரேன்னு சொன்னது அவதான் சார். நாள் பூரா குழாயும் சொட்டுமா வேலை பாக்குறவ. எவ்வளவு நேரம் ஆகும்னு அவளுக்குத் தெரியாதா? முடிச்சை நல்லா இறுக்கமாப் போடுங்க, அவசரம் இல்லன்னு வேற சொன்னா.

எந்திரிங்க சார், ஸ்டாப் வந்துடுச்சு. முதல்ல கேன் இறங்கட்டும். நான் பின்னாடி மெதுவா வரேன்.